மனுவை எங்கே கொடுப்பது? மாசுபட்ட ஊருக்கு இருக்கும் சட்ட வழிகள், ஓர் ஒப்பீடு

ராத்திரியானால் ஓடையில் சாயத்தண்ணீர் வருகிறது. கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேக மாட்டேன் என்கிறது, மாடு வாய் வைக்கவே மறுக்கிறது. ஊர்க்கூட்டம் போட்டால் எல்லோரும் சொல்வது ஒன்றைத்தான்: அரசாங்கம் நடவடிக்கை எடுக்கணும். சரி, அரசாங்கம் என்றால் யார்? கலெக்டரா, மாசுக் கட்டுப்பாட்டு வாரியமா? இல்லை, நேரே சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென்றே இருக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், உயர் நீதிமன்றம் என்று போய்விடலாமா? பெரும்பாலும் ஒரே மனுவை ஜெராக்ஸ் எடுத்து எல்லா இடத்துக்கும் அனுப்பிவிடுகிறோம். முதலமைச்சர் தனிப்பிரிவுக்குப் போனதும், திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்ததும், வாரியத் தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் போனதும் 'தக்க நடவடிக்கைக்காக' கீழே இறங்கி, கடைசியில் ஒரே மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் மேசையில் வந்து சேரும். மனு எண்ணிக்கை கூடினால் வேகம் கூடும் என்பது நம் நினைப்பு மட்டும்தான்.

எந்த இடத்துக்குப் போவது என்பதற்கு முன்னால் ஊர் முடிவு செய்ய வேண்டியது, நமக்கு எது முதலில் வேண்டும் என்பதை. கழிவு நிற்க வேண்டுமா, நஷ்ட ஈடு வேண்டுமா, கெட்டுப்போன மண்ணையும் தண்ணீரையும் சரிசெய்து தர வேண்டுமா, செய்தவன் ஜெயிலுக்குப் போக வேண்டுமா? நாலும் வேண்டும் என்றுதான் எல்லோரும் சொல்வோம். ஆனால் நாலையும் கொடுக்கும் இடம் எதுவும் கிடையாது. அதோடு, சீக்கிரம் கிடைக்கும் உத்தரவு சீக்கிரம் உடையும். தமிழ்நாட்டின் பெரிய மாசு வழக்குகளை வரிசையாகப் பார்த்தால் இந்த ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது. என் கணக்கில், ஒரு வழியை எடைபோட வேண்டியது அது எவ்வளவு வேகமாக ஆலையை மூடும் என்பதை வைத்து அல்ல, மூடிய பூட்டு எத்தனை நாள் தாங்கும் என்பதை வைத்து.

வாரியம்: வேகம் உண்டு, உறுதி கோப்பைப் பொறுத்தது

1974ஆம் ஆண்டின் நீர்ச் சட்டத்தில் 33ஏ என்றொரு பிரிவு இருக்கிறது. காற்றுச் சட்டத்தில் அதற்கு இணை 31ஏ. ஆலையை மூடு, மின் இணைப்பைத் துண்டி, தண்ணீரை நிறுத்து என்று வாரியமே உத்தரவு போடலாம். நீதிமன்றத்துக்குப் போக வேண்டியதில்லை. காகிதத்தில் பார்த்தால் இந்தப் பட்டியலிலேயே மிக வேகமான வழி இதுதான்.

வாரியம் இதைப் பயன்படுத்த வேண்டுமென்றால் கையில் மாதிரி வேண்டும். இந்த இடத்தில்தான் ஊர்க்காரர்கள் ஏமாறுகிறார்கள். நாம் குடிதண்ணீர் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய் தனியார் ஆய்வகத்தில் கொடுத்து வாங்கும் அறிக்கை புகாருக்கு உதவும், பத்திரிகைக்கு உதவும். ஆனால் ஆலைக்கு எதிரான சட்ட நடவடிக்கையில் அதை வாரியம் எடுத்த மாதிரியாகக் காட்ட முடியாது. நீர்ச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி, மாதிரி எடுக்கப்போவதாக ஆலைப் பொறுப்பாளரிடம் அங்கேயே அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அவர் முன்னிலையில் எடுக்க வேண்டும். அவர் கேட்டால் இரண்டு பாகமாகப் பிரித்து, சீல் வைத்து, இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். இதில் ஒரு படி தவறினாலும் ஆய்வு முடிவு வழக்கில் ஏற்கப்படாது. ராத்திரி இரண்டு மணிக்குத் திறந்துவிடப்படும் கழிவுக்கு, காலை பதினொரு மணிக்கு ஜீப்பில் வந்து முறைப்படி அறிவிப்புக் கொடுத்து மாதிரி எடுத்தால் என்ன கிடைக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் வாரியத்திடம் கேட்க வேண்டியது 'நடவடிக்கை' என்ற பொதுவான சொல்லை அல்ல. இன்ன இடத்தில், இன்ன நேரத்தில், 21ஆம் பிரிவுப்படி மாதிரி எடுங்கள் என்று கேளுங்கள். நேரத்தையும் இடத்தையும் மனுவிலேயே எழுதுங்கள்.

கோப்பு பலமில்லாமல் மூடினால் என்ன ஆகும் என்பதற்குத் தூத்துக்குடியே சாட்சி. 2013 மார்ச் 23ஆம் தேதி காலை நகரத்தில் கண் எரிச்சல், இருமல், மூச்சுத் திணறல். ஒரு வாரத்துக்குள் வாரியம் ஸ்டெர்லைட் தாமிர ஆலையை மூட உத்தரவிட்டது. நிறுவனம் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனது. மே 31 அன்று ஆலையை மீண்டும் இயக்க அனுமதி கிடைத்துவிட்டது. வாரியம் காட்டிய ஆதாரம் தீர்ப்பாயத்துக்குப் போதவில்லை. 33ஏ உத்தரவுக்கு எதிரான மேல்முறையீடு நேரே தீர்ப்பாயத்துக்குப் போகும், 31ஏ உத்தரவுக்கு எதிரானது முதலில் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போய்ப் பிறகு அங்கே வரும் என்பதை மறந்துவிடக் கூடாது. வாரியம் ஒரே வாரத்தில் எழுதுவதை அங்கே வரி வரியாகப் படிப்பார்கள்.

வாரியத்தின் இன்னொரு கருவி சுற்றுச்சூழல் இழப்பீடு. மத்திய வாரியம் இதற்கு ஒரு சூத்திரம் வைத்திருக்கிறது. அதிகம் மாசு செய்யும் 'சிவப்பு' வகை ஆலை என்றால் 80 புள்ளி. அதை விதி மீறிய நாட்களால் பெருக்கி, பிறகு பொதுவாக 250 ரூபாயால் பெருக்க வேண்டும். சிறிய ஆலைக்குப் பாதி, நடுத்தரத்துக்கு ஒரு மடங்கு, பெரியதற்கு ஒன்றரை மடங்கு. கடைசியாக இடத்துக்கு ஓர் எண்: பக்கத்தில் இருப்பது பத்து லட்சம் பேருக்குக் குறைவான ஊர் என்றால் 1, ஒரு கோடிக்கு மேற்பட்ட நகரம் என்றால் 2. கிராமத்துப் பக்கம் இருக்கும் ஒரு சின்ன சாயப்பட்டறை முப்பது நாள் கழிவை விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 80 பெருக்கல் 30 பெருக்கல் 250, அதில் பாதி: மூன்று லட்சம் ரூபாய். நாளைக்குப் பத்தாயிரம். இதே பட்டறை கோடி மக்கள் வாழும் நகரத்தை ஒட்டி இருந்திருந்தால் இரட்டிப்பு. கிராமத்தைக் கெடுப்பது மலிவு என்பதை ஒரு சூத்திரமே சொல்கிறது. சுத்திகரிப்பு நிலையத்தை ஓட்டும் செலவு நாளைக்குப் பத்தாயிரத்தைத் தாண்டினால், பட்டறைக்காரர் எந்தக் கணக்கைப் போடுவார்?

அப்புறம் அந்தப் பணம் வாரியத்தின் கணக்குக்குப் போகிறது, சுற்றுச்சூழலைச் சரிசெய்ய. கிணறு கெட்டவர் கைக்கு வராது. இழப்பீடு வசூலிக்க வாரியங்களுக்கு அதிகாரம் இருக்கிறதா என்ற நெடுநாள் சண்டையை 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது: அதிகாரம் உண்டு, ஆனால் விதிகள் வகுத்து, அதன்படி வசூலிக்க வேண்டும். நல்ல தீர்ப்பு. ஊருக்கு நேரடிப் பலன் குறைவு.

ஆர்.டி.ஓ.: யாரும் எட்டிப் பார்க்காத கதவு

பொதுத் தொல்லையை அகற்ற நிர்வாக நடுவர் உத்தரவிடலாம் என்ற, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவு, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152 ஆகியிருக்கிறது. ஆர்.டி.ஓ. எனப்படும் வருவாய்க் கோட்டாட்சியரிடமோ தாசில்தாரிடமோ போகலாம். அவர் நிபந்தனை உத்தரவு போடுவார்: இத்தனை நாளுக்குள் நிறுத்து, இல்லையென்றால் வந்து காரணம் சொல்.

மத்தியப் பிரதேசத்தின் ரத்லாமில் திறந்த சாக்கடையையும் ஆல்கஹால் ஆலைக் கழிவையும் எதிர்த்து வார்டு மக்கள் இந்தப் பிரிவின் கீழ்தான் போனார்கள். கையில் பணமில்லை என்றது நகராட்சி. மக்களின் ஆரோக்கியத்துக்கான கடமையிலிருந்து தப்பப் பணமின்மை ஒரு சாக்காக முடியாது என்று 1980இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. நீர், காற்றுச் சட்டங்கள் வந்த பிறகு இந்தப் பிரிவு செல்லுமா என்ற கேள்விக்கும் 2003இல் உச்ச நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது: இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வாழலாம்.

குப்பைக் கிடங்கு எரிப்பு, கோழிக்கழிவு, ஊருக்குள் இருக்கும் ஒற்றைப் பட்டறை, நகராட்சிச் சாக்கடை. இவைகளுக்கு என்னைக் கேட்டால் முதலில் இங்கேதான் போகச் சொல்வேன். வக்கீல் செலவு குறைவு, அலுவலகம் பக்கத்தில். ஐம்பது ஆலைகள் உள்ள தொழிற்பேட்டைக்கு எதிராக இதைத் தூக்கிக்கொண்டு போனால் மட்டும் வேலைக்காகாது. யார் குழாயிலிருந்து வந்தது என்று கேட்டே கோப்பை மூடிவிடுவார்கள்.

கிரிமினல் வழக்கு

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். நீர்ச் சட்டத்தில் ஒன்றரை வருஷம் முதல் ஆறு வருஷம் வரை சிறை என்று எழுதியிருந்த காலத்திலேயே மாசுக்காக ஜெயிலுக்குப் போன முதலாளியைக் காண்பது அபூர்வம். 2023இல் வந்த ஜன் விஸ்வாஸ் சட்டம், சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்திலும் காற்றுச் சட்டத்திலும் பெரும்பாலான சிறைத் தண்டனைகளை எடுத்துவிட்டு, 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் வரை அபராதம் என்று மாற்றியது. 2024 ஏப்ரல் முதல் அது நடைமுறையில் இருக்கிறது. நீர்ச் சட்டத்துக்கும் 2024இல் அதே பாணித் திருத்தம் வந்தது. மாநிலங்கள் தீர்மானம் போட்டு ஏற்றால் அங்கங்கே செல்லும். 15 லட்சம் என்பது ஒரு பெரிய ஆலைக்குத் தீபாவளி போனஸில் ஒரு மூலை. ஊர்க் கோபத்துக்கு இந்த வழி வடிகாலாகலாம், அதற்கு மேல் நம்ப வேண்டாம்.

பசுமைத் தீர்ப்பாயம்: தேதியைக் குறித்து வைத்தவர்களுக்கு

தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. தமிழ்நாடு, புதுச்சேரி மட்டுமல்ல, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா வழக்குகளும் இங்கேதான் வரும். மற்ற இடங்களில் கிடைக்காத ஒன்று இங்கே கிடைக்கும். நிறுத்துவது, நஷ்ட ஈடு, சீர்செய்வது ஆகிய மூன்றையும் ஒரே மனுவில் கேட்கலாம். செலவும் பயப்படும்படி இல்லை. நஷ்ட ஈடு கேட்காத மனுவுக்கு 1,000 ரூபாய் கட்டணம். கேட்டால் கேட்கும் தொகையில் ஒரு சதவீதம். வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருப்பவருக்குக் கட்டணமே கிடையாது.

கண்ணி எங்கே இருக்கிறது என்றால், காலக்கெடுவில். பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 14ஆம் பிரிவின் கீழ் தகராறைக் கொண்டுவர ஆறு மாதம், தகுந்த காரணம் காட்டினால் இன்னும் அறுபது நாள். அதுவும் வழக்குக்கான காரணம் முதன்முதலில் எழுந்த நாளிலிருந்து. பத்து வருஷமாக வரும் கழிவு என்று மனுவின் முதல் பத்தியிலேயே உணர்ச்சிவசப்பட்டு எழுதினால், எதிர்த்தரப்பு வக்கீல் அந்தப் பத்தியை அப்படியே வாசித்துக் காட்டி, காலங்கடந்த மனு என்பார். இழப்பீட்டுக்கும் சீரமைப்புக்குமான 15ஆம் பிரிவுக்கு ஐந்து வருஷம். ஆகவே பழைய பாதிப்பு என்றால் 15ஐப் பிடிக்க வேண்டும். புதிதாக ஒரு கசிவோ உடைப்போ நடந்தால் அந்தத் தேதியை வைத்து 14க்குள் போக வேண்டும். வாரியம் புதிதாக ஓர் இசைவாணை (ஆலை இயங்க வாரியம் தரும் அனுமதி) கொடுத்து, அதை எதிர்க்க மேல்முறையீடு போவதாக இருந்தால் கெடு இன்னும் குறுகியது, முப்பது நாள்.

எண்ணூரைப் பாருங்கள். அனல் மின் நிலையங்கள், துறைமுகங்கள், எண்ணெய்ச் சுத்திகரிப்பு, உர ஆலை எல்லாம் ஒரு கழிமுகத்தைச் சுற்றி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கொசஸ்தலையாற்றில் பரவியது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு, கோரமண்டல் உர ஆலைக்குக் கடலடியில் வரும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து பெரியகுப்பம் மக்கள் நள்ளிரவில் வீட்டை விட்டு ஓடினார்கள். இரண்டையும் தென்மண்டல அமர்வு தாமாகவே கையில் எடுத்தது. அப்படி எடுக்கும் அதிகாரம் தீர்ப்பாயத்துக்கு உண்டு என்று 2021இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்திருந்தது. எண்ணெய்க் கசிவுக்கு மாநில அரசு கொடுத்த நிவாரணம் 8.68 கோடி: 2,301 மீனவர்களுக்குத் தலா 12,500, சுற்றியிருந்த 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500, 787 படகுகளுக்குத் தலா 10,000. அம்மோனியாக் கசிவுக்கு 5.92 கோடி இழப்பீடு வசூலிக்க வாரியம் பரிந்துரைத்தது. மாதக் கணக்கில் வலை போட முடியாத ஒரு குடும்பத்துக்கு 12,500 எத்தனை நாள் வரும் என்று கேட்கலாம், கேட்க வேண்டும். ஆனாலும் விபத்து நடந்த சில நாட்களில் அரசுத் துறைகளைக் கூண்டில் ஏற்றிப் பதில் சொல்ல வைத்த இடம் இந்தத் தீர்ப்பாயம்தான்.

பலவீனம் இல்லாமல் இல்லை. மனு வந்ததும் தீர்ப்பாயம் வழக்கமாகச் செய்வது ஒரு கூட்டுக்குழு போடுவது. அதில் கலெக்டர் தரப்பில் ஒருவர், மாநில வாரியத்தில் ஒருவர், மத்திய வாரியத்தில் ஒருவர். யார் மீது புகார் சொன்னோமோ அதே பொறியாளர் குழுவின் பெயரில் மறுபடி அதே ஓடைக்கு வந்து நிற்பார். குழு வரும் நாளை முன்கூட்டியே கேட்டு வாங்கி, ஊர்க்காரர்கள் இருவராவது கூடப் போய், எங்கே மாதிரி எடுக்க வேண்டும் என்று காட்ட வேண்டும். குழு அறிக்கையை மட்டும் நம்பி, எதிர்த்தரப்பைக் கேட்காமல் போட்ட தீர்ப்பாய உத்தரவுகளை உச்ச நீதிமன்றம் திருப்பி அனுப்பியிருக்கிறது. நம் பக்கம் வந்த உத்தரவும் அப்படிக் கவிழக்கூடும். எனவே, ஆலைக்கும் போதிய வாய்ப்புக் கொடுத்து எழுதப்பட்ட உத்தரவுதான் நமக்கு லாபம். கேட்கக் கசப்பாக இருக்கும், ஆனால் உண்மை.

மாசு செய்வதே அரசு நிறுவனம் என்றால் யோசிக்கவே வேண்டாம், இங்கேதான் வர வேண்டும். வடசென்னை அனல் மின் நிலையத்தின் சாம்பல் குழாய்கள் உடைந்து கழிமுகத்தில் சாம்பல் படிந்த கதை எல்லோருக்கும் தெரியும். மின்வாரியத்தின் மீது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கைவைக்கும் என்று காத்திருப்பது, மாமியார் மீது மருமகன் புகார் எழுதுவான் என்று காத்திருப்பது மாதிரி.

உயர் நீதிமன்றம்: அரசை நகர்த்த, அரசின் உத்தரவைக் காக்க

பசுமைத் தீர்ப்பாயம் வந்த பிறகு உயர் நீதிமன்றம் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். நொய்யல் கதை அதற்குப் பதில்.

திருப்பூரின் சாயக்கழிவு நொய்யல் ஆற்றில் இறங்கி, பாசனத்துக்கென்று 1990களின் தொடக்கத்தில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. அணை கழிவுத் தொட்டியானது. ஆயக்கட்டு விவசாயிகளின் சங்கம் உயர் நீதிமன்றம் போனது. 2006 டிசம்பரில் வந்த உத்தரவு தெளிவாக இருந்தது: சொட்டுக் கழிவும் வெளியே போகாத முறைக்கு மாற 2007 ஜூலை வரை கெடு, அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் பைசாக் கணக்கில் அபராதம். 2009இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஆனாலும் கழிவு நிற்கவில்லை. விவசாயிகள் நீதிமன்ற அவமதிப்பு வழக்கோடு திரும்ப வந்தார்கள். 2011 ஜனவரி 28 அன்று எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொல்லி உத்தரவு வந்தது. அந்த ஒரு நாள் செய்ததை, அதற்கு முந்தைய பத்து வருஷ நோட்டீஸ்களும் செய்யவில்லை. அதன் பிறகுதான் மாநில அரசு வட்டியில்லாக் கடன் கொடுத்தது, சுத்திகரிப்பு நிலையங்கள் உருப்படியாக ஓடத் தொடங்கின. இன்னொரு பக்கமும் உண்டு. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் ஒரே வாரத்தில் வேலை இழந்தார்கள், கொஞ்சம் பட்டறைகள் பக்கத்து மாவட்டங்களுக்கு நகர்ந்தன. மூடச் சொல்லி வழக்குப் போடும் ஊர், அந்த ஆலையில் வேலை செய்யும் தன் ஊர்ப் பிள்ளைகளிடம் முன்பே பேசிவிடுவது நல்லது. நிறுவனம் அவர்களைத்தான் முதலில் எதிர்மனுதாரர் ஆக்கும்.

தூத்துக்குடியில் நடந்ததும் உயர் நீதிமன்றத்தின் பலத்தைத்தான் காட்டுகிறது, வேறு விதமாக. 2018 ஏப்ரலில் வாரியம் ஸ்டெர்லைட்டின் இசைவாணையைப் புதுப்பிக்க மறுத்தது. மே 22 போராட்டத்திலும் அடுத்த நாளும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் பதின்மூன்று பேர் இறந்தார்கள். மே 28 அன்று ஆலையை நிரந்தரமாக மூடி அரசாணை வந்தது. டிசம்பரில் பசுமைத் தீர்ப்பாயம் அதை ரத்து செய்தது. மறுபடி 2013 கதைதான் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், அரசாணை மீதான இந்த வழக்கை விசாரிக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரமே இல்லை, உயர் நீதிமன்றத்துக்குப் போங்கள் என்றது. அங்கே மாதக்கணக்கில் வாதம் நடந்தது. உப்பாற்றங்கரையில் கொட்டிய தாமிரக் கசடு முதல் நிலத்தடி நீர் அறிக்கைகள் வரை எல்லாம் அலசப்பட்டு, 2020 ஆகஸ்ட் 18 அன்று 815 பக்கத் தீர்ப்பு வந்தது: மூடியது சரி. 2024 பிப்ரவரி 29 அன்று உச்ச நீதிமன்றமும் ஸ்டெர்லைட்டின் உரிமையாளரான வேதாந்தா நிறுவனத்தின் மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டது. 2013இல் அறுபது சொச்சம் நாளில் உடைந்த பூட்டு, இந்த முறை உடையவில்லை. ஆலை அதே ஆலை. இந்த முறை முழுக் கோப்பும் நீதிமன்றத்தில் திறக்கப்பட்டது, ஊர்க்காரர்களும் வழக்கில் சேர்ந்து தங்கள் பக்கத்தைச் சொன்னார்கள்.

இதில் ஊர் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு. அரசு நம் பக்கம் உத்தரவு போட்டுவிட்டது என்றால் வீட்டுக்குப் போய்விடக் கூடாது. நிறுவனம் மேல்முறையீடு போகும் நாளிலேயே நாமும் இடையீட்டு மனு போட்டு உள்ளே போக வேண்டும். அரசு வக்கீல் மாறுவார், ஆட்சி மாறும், கோப்பில் இருக்கும் உற்சாகமும் மாறும்.

கொடைக்கானல் பாதரசத் தெர்மாமீட்டர் ஆலை விஷயத்தில் ஒரே ஆலைக்கு மூன்று கதவு தேவைப்பட்டது. 2001இல் வாரியம் மூடியது. 2006இல் முன்னாள் தொழிலாளர்கள் நஷ்ட ஈடு கேட்டு உயர் நீதிமன்றம் போய், பத்து வருஷம் கழித்து 591 பேருக்கு உடன்பாட்டில்தான் முடிந்தது. மண்ணை எவ்வளவு சுத்தம் செய்ய வேண்டும், கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் மிச்சமிருந்தால் போதுமா என்ற சண்டை பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனது. மூடியது மட்டும் வேகம். மற்ற இரண்டும் பொறுமையைச் சோதித்தன.

அரசே நமக்காக நஷ்ட ஈடு வாங்கித் தந்தால்?

கேட்க இனிப்பான யோசனை. இரண்டு உதாரணம் பார்க்கலாம்.

போபால் விஷவாயுக் கசிவுக்குப் பிறகு 1985இல் தனிச் சட்டம் போட்டு, பாதிக்கப்பட்ட அத்தனை பேருக்கும் பதிலாக மத்திய அரசே வழக்கு நடத்தும் உரிமையை எடுத்துக்கொண்டது. கேட்டது 330 கோடி டாலர். 1989 பிப்ரவரியில் சமரசம் ஆனது 47 கோடி டாலருக்கு. போதவில்லை, இன்னும் வேண்டும் என்று அரசே பிற்பாடு போட்ட க்யூரேட்டிவ் மனுவை (சீராய்வுக்கும் பிறகு இருக்கும் கடைசி வாய்ப்பு) 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தள்ளியது. தன் வழக்கைத் தானே நடத்தும் உரிமையை மொத்தமாக ஒப்படைத்துவிட்டால், எந்தத் தொகைக்கு முடிப்பது என்பதும் நம் கையில் இல்லை.

பாலாற்றங்கரையில் வேறு மாதிரி. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத்துத் தோல் ஆலைகள் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலத்தைக் கெடுத்துவிட்டன என்ற ஆய்வை முன்னால் வைத்து, 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் புகழ்பெற்ற தீர்ப்பைச் சொன்னது. மாசு செய்தவர் கட்ட வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று சொன்னது அந்தத் தீர்ப்புதான். இழப்பீடு கணக்கிட ஒரு தனி ஆணையம் அமைந்தது. 2001இல் அது 547 ஆலைகளிடமிருந்து வாங்கி 29,193 பேருக்குக் கொடுக்க வேண்டும் என்று தீர்மானித்த தொகை 26.82 கோடி. சராசரி போட்டால் ஒருவருக்குச் சுமார் 9,200 ரூபாய். நிலம் உப்பாகிப்போன விவசாயிக்கு அது ஒரு மாட்டின் விலை. அதுவும் எல்லோருக்கும் வந்துசேரவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடி தலையிட்டு, இன்னும் கிடைக்காதவர்களுக்கு ஆறு வாரத்தில் மாநில அரசே கொடுத்துவிட்டு, பிறகு ஆலைகளிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்றது. அரசு முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்ளும் இந்த ஏற்பாடுதான் எனக்கு இந்தத் துறையில் அண்மையில் வந்த உருப்படியான மாற்றமாகப் படுகிறது. நம் மனுக்களிலும் இதைக் கேட்க வேண்டும்.

சரி, எதை எடுப்பது?

ஒற்றைப் பட்டறை, குப்பை, சாக்கடை என்றால் ஆர்.டி.ஓ. திடீர் விபத்து, கசிவு, உடைப்பு என்றால் அன்றைய தேதியைக் குறித்து நேரே தீர்ப்பாயம். ஆறு மாதத்தைச் சமாதானப் பேச்சில் தொலைத்துவிடாதீர்கள். வருஷக்கணக்காக ஒரு தொழிற்பேட்டையே கெடுத்துக்கொண்டிருந்தால் முதலில் வாரியத்தின் வழியாக ஆதாரம் சேருங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் இசைவாணை நகல், ஆய்வு அறிக்கைகள், இதுவரை அனுப்பிய நோட்டீஸ்கள் எல்லாம் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். இசைவாணையில் ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் லிட்டர் என்று அனுமதி இருக்கும். அதையும் ஆலை வாங்கும் லாரித் தண்ணீரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பாதி வழக்கு தெரிந்துவிடும். அந்தக் கோப்போடு 15ஆம் பிரிவில் தீர்ப்பாயம். உத்தரவு வந்தும் யாரும் மதிக்கவில்லை என்றாலோ, அரசே போட்ட உத்தரவைக் காப்பாற்ற வேண்டும் என்றாலோ, உயர் நீதிமன்றம்.

வக்கீல் செலவை நினைத்துப் பின்வாங்குபவர்களுக்கு: பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், தொழிற்சாலைப் பேரிடரில் பாதிக்கப்பட்டவர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அதற்கான அலுவலகம் இருக்கும். மனுவின் முதல் பெயர் ஊரில் கிணறு வைத்திருக்கும் ஒரு பெண்ணுடையதாக இருந்தால் இந்தக் கதவு சுலபமாகத் திறக்கும்.

தொகை கலெக்டரிடம் டெபாசிட் ஆகும்படி உத்தரவு வந்தால், 2013இல் ஸ்டெர்லைட்டுக்கு உச்ச நீதிமன்றம் விதித்த 100 கோடி அப்படித்தான் போனது, அடுத்த மாதமே இன்னொரு தகவல் உரிமை மனு போடுங்கள். எந்த வங்கி, எவ்வளவு வட்டி, எந்த ஊரில் எந்த வேலைக்குச் செலவு, பயனாளிகள் பட்டியலில் யார் யார் என்று கேளுங்கள். பட்டியலில் சர்வே எண் தப்பாக இருந்தால் திருத்த வேண்டிய நேரம் அதுதான். பட்டா தாத்தா பெயரிலேயே கிடக்கிறதா என்பதை அதற்கும் முன்னாலேயே பார்த்து வையுங்கள்.